ஸ்டிக்கர் மேல் வைத்த பொட்டு

நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுத எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று பல நாள் யோசித்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல வராததால்தான் எழுதுகிறேன்.

போன வருடம் கார்த்திகை மாதம், மதுரையில் நடந்தது இது. செல்லூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறேன். என் மனைவி வீட்டில் கம்ப்யூட்டர் வைத்துப் பள்ளிக்கூடங்களுக்கு வினாத்தாள் அடித்துக் கொடுக்கிறாள். தமிழில் வேகமாக, பிழையில்லாமல் அடிப்பாள். பரவையில் ஒரு பள்ளிக்கூடம் ஆறு வருடமாக அவளிடம்தான் வேலை கொடுத்துவந்தது. அங்குள்ளவர்கள் அவளையும் 'டீச்சர்' என்றே கூப்பிடுவார்கள். அதில் அவளுக்கு ஒரு பெருமை உண்டு. வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்.

அரையாண்டுத் தேர்வுக்கு வினாத்தாள் அடிக்கிற நேரத்தில் கம்ப்யூட்டர் நின்றுபோனது. உள்ளே காற்றாடி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. பக்கத்துத் தெரு மெக்கானிக் வந்து பார்த்தார். "மதர்போர்டு போயிருச்சுண்ணே. மூணு வருஷ வாரண்டியில இன்னும் ஒரு வருஷம் கெடக்கு. விட்றாதீக" என்று போர்டைக் கழற்றிப் பொதிந்து கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை வரை பொறுப்பதாகச் சொன்னார்கள். அன்று திங்கள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு மாடியில் இருந்தது சர்வீஸ் சென்டர். இரண்டு பேரும் போய் டோக்கன் வாங்கி உட்கார்ந்தோம். எங்களைப்போல் பத்துப் பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். எங்கள் முறை வந்ததும், கவுண்டரில் இருந்தவர் போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "மாப்ள, இங்க வந்து பாரேன். போர்டுக்குப் பூசை போட்ருக்காக" என்றார்.

அதைச் செய்தது நான்.

எங்கள் பட்டறையில் ஆயுத பூஜைக்கு மிஷினின் வெளிமூடிக்குப் பொட்டு வைத்தால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மூடியைக் கழற்றி, தூசி துடைத்து, உள்ளே இருக்கிற மோட்டாருக்கு வைக்க வேண்டும். உழைக்கிறது அதுதானே என்பார்கள். முப்பது வருடப் பழக்கம். அந்த ஆயுத பூஜை அன்று மனைவி அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள். நான் கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே எங்கு பார்த்தாலும் கம்பியும் குமிழுமாக இருந்தது. ஓர் ஓரத்தில் மட்டும் வெள்ளையாகச் சின்ன ஸ்டிக்கர். கெடுவதற்கு அங்கே எதுவும் இல்லை என்று நினைத்து, சந்தனத்தைக் குழைத்து அதன்மேல் வைத்துக் குங்குமமும் இட்டேன்.

அந்த ஸ்டிக்கரில்தான் வாரண்டி பார்க்கிற நம்பர் இருந்ததாம். கவுண்டர்காரர் காய்ந்த சந்தனத்தைச் சுரண்டினார். எழுத்தும் சேர்ந்து வந்துவிட்டது.

"யாரு பாத்த வேலைங்க இது?" என்று கேட்டார். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எங்களைப் பார்த்தார்கள். ஒருவர் சிரித்தார். எனக்கு நாலு பேர் முகத்தைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் அன்று என் வாய் எப்படியோ திறந்தது.

"வீட்டுல பொம்பளையாளுக வச்சிருப்பாக" என்றேன்.

அவர் என் மனைவி பக்கம் திரும்பினார். "ஏங்க்கா, பொட்டு வைக்க வேற எடமே கெடைக்கலையா? மாலையும் போட்ருக்க வேண்டியதுதான?"

அவள் என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாள். "தெரியாம வச்சுட்டேன் தம்பி" என்றாள்.

நம்பர் தெரியாததால் வாரண்டி கிடையாது என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் பீரோவுக்கு மேலே இருந்து ஓர் அட்டைப் பெட்டியை எடுத்தாள். போர்டு வாங்கும்போது வந்த பெட்டி. அதில் பழைய வினாத்தாள்களைப் போட்டு வைத்திருந்தாள். பெட்டியின் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர், அதில் நம்பர். வாங்கிய ரசீதிலும் அதே நம்பரைக் கடைக்காரர் எழுதியிருந்தார். நான் பெருமூச்சு விட்டேன். அவள் பெட்டியைத் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டு, "நீங்களே போய்ட்டு வாங்க" என்றாள்.

மறுபடி போனேன். பெட்டியைப் பார்த்தெல்லாம் ஒத்துக்கொள்ள முடியாது, சென்னைக்குக் கேட்டு எழுத வேண்டும் என்றார்கள். எழுதியாச்சா என்று புதன்கிழமை கேட்டதற்கு, எழுதுகிற மேடம் லீவு என்றார்கள். ஒரு போன் நம்பர் கொடுத்தார்கள். அதில் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டார்கள். கடைசியில் ஓர் ஆள் இந்தியில் பேசினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் பட்டறைக்கு லீவு போட்டுக் கவுண்டர் முன்னால் நின்றேன். "சொல்றோம்ணே, நீங்க போங்க" என்பார்கள். சண்டை போடுகிறவர்களை உள்ளே கூப்பிட்டுப் பேசினார்கள். எனக்குச் சண்டை போடத் தெரியாது.

சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் இருந்து போன் வந்தது. அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். "பரவாயில்ல டீச்சர்... இல்ல, நீங்க என்ன செய்வீக... சரி டீச்சர்" என்றாள். அவர்கள் வேறு ஆளைப் பார்த்துவிட்டார்கள். போனை வைத்துவிட்டுத் துவைத்த துணிகளை மடிக்க உட்கார்ந்தாள்.

அதற்கு அப்புறம் பன்னிரண்டு நாள் கழித்துச் சென்னையில் இருந்து மாற்று போர்டு வந்தது. வாங்கப் போனேன். அதே கவுண்டர், அதே ஆள். வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனதைச் சொன்னேன்.

"தம்பி, அன்னைக்கு அந்தப் பொட்டு வச்சது என் வீட்டுக்காரி இல்ல. நான்தான்."

அவர் நிமிரவில்லை. "எந்தப் பொட்டுண்ணே?" என்றார். பிறகு, "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து போர்டை மேசையில் வைத்தேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "கவுண்டர்ல சொல்லிட்டேன், நான்தான் வச்சேன்னு" என்றேன்.

அவள் உரித்த வெங்காயத்தைக் கிண்ணத்தில் போட்டாள். "அன்னைக்கு உக்காந்திருந்தவுக எல்லாம் இன்னைக்கும் இருந்தாகளா?" என்று கேட்டாள்.

கோபமாகக் கேட்டிருந்தால்கூட ஆறியிருக்கும். தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

அந்தக் கம்பெனிக்காரர்கள் என்னை அலையவிட்டதை நான் எப்போதோ மறந்துவிட்டேன். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாத வார்த்தையை அப்புறம் எங்கே போய்ச் சொன்னாலும் அது போய்ச் சேருவதில்லை என்பதைத்தான் மறக்க முடியவில்லை. இந்த வருடம் ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தை அவள் கையில் கொடுத்தேன். வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "நீங்களே வைங்க" என்றாள். வெளிமூடியில் வைத்தேன்.

போன வருடம் அந்தப் போர்டு வந்ததற்கு மறுநாள் காலையில் மெக்கானிக் வந்து அதை மாட்டினார். கம்ப்யூட்டர் ஓடியது. அன்று அதில் அடிப்பதற்கு வேலை எதுவும் இல்லை.