தாடியையும் மூச்சையும் சேர்த்துக் கேட்டேன்

அன்புச் சகோதரர்களே, சகோதரிகளே, உங்கள் அனைவர் மீதும் இறைவனின் சாந்தி இறங்கட்டும். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் எதையும் லேசில் நம்புகிறவன் அல்ல. மளிகைக் கடையில் பொட்டலம் வாங்கினால் அங்கேயே பிரித்துப் பார்ப்பேன். ஊசி போட வந்தால் மருந்துப் புட்டியைக் காட்டச் சொல்வேன். அப்படிப்பட்டவனின் துஆவுக்கு அல்லாஹ் எப்படிப் பதில் கொடுத்தான் என்பதை உங்களிடம் சொல்லாமல் இருந்தால் அது நன்றிகெட்டத்தனம்.

எங்களுக்குப் பழவேற்காடுதான் பூர்வீகம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைப் பக்கத்தில் கடை வைத்திருக்கிறேன். கம்பெனிகளுக்கு வேண்டிய கையுறை, பூட்ஸ், ஹெல்மெட், தூசிக்கு மூக்கில் மாட்டும் மாஸ்க் எல்லாம் விற்கிறோம். சரக்கை வேனில் ஏற்றி நானே கம்பெனி கம்பெனியாகக் கொண்டுபோய்ப் போடுவேன்.

2007ஆம் ஆண்டு, நோன்புக்கு இரண்டு மாதம் இருக்கும். மனைவி மைமூனையும் மகளையும் ஏற்றிக்கொண்டு ஆரம்பாக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். பட்டப்பகல். "அத்தா!" என்று மகள் போட்ட அலறலில்தான் கண்ணைத் திறந்தேன். வேன் ரோட்டை விட்டு இறங்கி நெல் வயலை ஒட்டிய மணல் குவியலில் முட்டி நின்றிருந்தது. நான் தூங்கிவிட்டிருந்தேன். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் என் மகள் அன்று முழுவதும் என் பக்கத்தில் வரவில்லை. மைமூன் வேன் சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஒரு வருடமாகவே எனக்கு அப்படித்தான் இருந்தது. எவ்வளவு தூங்கினாலும் அடித்துப் போட்ட மாதிரி எழுந்திருப்பேன். கல்லாவில் உட்கார்ந்தபடியே கண் சொருகும். எதிர்க்கடைக்காரன் செய்வினை வைத்துவிட்டானோ என்று சந்தேகப்பட்டேன். டீக்கடைக்காரன் டீயில் எதையோ கலக்கிறான் என்று டீக்கடையை மாற்றினேன். என் குறட்டையை மட்டும் நான் சந்தேகப்படவே இல்லை. குறட்டை விட்டால் நல்ல தூக்கம் என்றுதானே நாம் நினைக்கிறோம்?

மைமூன் அன்றைக்குத்தான் வாய் திறந்தாள்.

"நீங்க கொறட்ட விட்டா எனக்கு பயமில்லங்க. அது நின்னாதான் பயம். மூச்சே இருக்காது. மூக்குல வெரல வச்சிப் பாத்துக்கினே உக்காந்துக்கினு இருக்கேன். எத்தினி நாளா நான் தூங்கல தெரியுமா?"

என் தம்பி காதர்தான் சென்னையில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனான். கூடவே, "அண்ணே, இனிமே வண்டிய நான் ஓட்டுறேன்" என்றான். இன்றைக்கு வண்டி, நாளைக்குக் கடையா என்று எனக்குள் ஓடியது. டாக்டரும் இவனும் பேசி வைத்திருப்பார்களோ என்றும் ஓடியது. உடம்பெல்லாம் வயர் ஒட்டி என்னைத் தூங்கவைத்துச் சோதித்தார்கள். தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு திரும்பத் திரும்ப நின்றுபோகிறது, இப்படியே விட்டால் இருதயத்துக்கு ஆபத்து என்றார் டாக்டர். ஒரு சிறிய மெஷின், அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் முனையில் மாஸ்க். மெஷின் தள்ளும் காற்று தொண்டையைத் திறந்து வைத்திருக்குமாம். நான் பார்க்காததை எப்படி நம்புவது? மூச்சு நின்றபோது நான்தான் தூங்கிக்கொண்டிருந்தேனே.

மெஷினைக் கொண்டுவந்து கொடுத்தவர் பிரபு என்ற இளைஞர். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் பெரிய மாஸ்க் அது. நானே மாஸ்க் விற்கிறவன். ரப்பரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். விலையைக் கேட்டதும் டாக்டருக்கு இதில் பங்கு உண்டு என்று முடிவே கட்டிவிட்டேன். புது ரப்பர் வாசனையை மயக்க மருந்தோ என்று சந்தேகப்பட்டு, அதன் மேல் அத்தர் தடவினேன். தொண்டை எரிந்து இருமியதுதான் மிச்சம்.

எனக்கு நெஞ்சைத் தொடும் தாடி. அந்தத் தாடியின் சந்து பொந்தெல்லாம் காற்று புஸ்புஸ்ஸென்று வெளியேறியது. மேல்பக்கம் கண்ணில் அடித்தது. வாரை இறுக்கினேன், மூக்குத் தண்டில் புண் வந்தது. தளர்த்தினேன், பழையபடி காற்று. அளவு மாற்றி இன்னொன்று கொடுத்தார் பிரபு. அதுவும் அப்படியே.

"பாய், தாடிய மட்டும் எடுத்துட்டீங்கன்னா காத்து லீக் ஆவாது" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! "மாஸ்க் பொருந்தலன்னா மாஸ்க்க மாத்து. மூஞ்சிய மாத்தச் சொல்றியா?" என்று கத்தினேன். இவன் உள்நோக்கத்தோடுதான் சொல்கிறான் என்று நினைத்தேன். காதர் குறுக்கே வந்தான்.

"அண்ணே, தாடி வச்ச வெல்டருங்களுக்கு நீயே இன்னா சொல்ற? தாடி இருந்தா மாஸ்க் டைட்டா ஒக்காராதுன்னுதான சொல்ற?"

உண்மைதான். என் சரக்கை விற்கும்போது நான் சொல்வதுதான். அதனாலேயே இன்னும் கோபம் வந்தது. காதரோடு பேச்சை நிறுத்தினேன். மெஷினைத் துண்டில் சுற்றிப் பரண் மேல் போட்டேன். உயிருக்கு ஆபத்து என்றால் தாடியை எடுப்பதற்கு மார்க்கத்தில் இடம் உண்டு என்று எனக்கும் தெரியும். ஆனால் இந்த ஆட்களின் பேச்சை நம்பி நபி வழியில் வைத்த தாடியில் கை வைக்க மனம் ஒப்பவில்லை. மைமூனோ ஒவ்வொரு நாளும் கண் சிவந்து எழுந்தாள். சமைத்துக்கொண்டிருக்கும்போதே சுவரில் சாய்ந்துவிடுவாள். எனக்கு முன்னால் இவள் போய்விடுவாளோ என்று பயந்தேன்.

ஒருநாள் கடைக்குப் பின்னால் இருக்கும் பள்ளிவாசலில் மாலை நேர அஸர் தொழுதேன். கடைசி ரக்அத்தில் நெற்றியைத் தரையில் வைத்து சஜ்தாவுக்குப் போனது நினைவு இருக்கிறது. எழுந்தது நினைவு இல்லை. விழித்துப் பார்த்தால் ஜமாஅத் கலைந்து எல்லாரும் போய்விட்டிருந்தார்கள். பாயில் நான் மட்டும் நெற்றியை வைத்தபடி கிடந்தேன். வாசலில் இரண்டு பேர் பேசியது காதில் விழுந்தது. "பாய்க்கு இன்னா பக்தி பாரு, சஜ்தாவ விட்டு எழுந்திருக்க மனசே வரல."

கூனிக் குறுகிப்போனேன். மறுபடி கை கால் கழுவி ஒளு செய்து, மறுபடி தொழுது, கையை ஏந்தினேன். "யா அல்லாஹ், எனக்கு மனிதர்களை நம்பத் தெரியவில்லை. அதனால் உன்னிடம் கேட்கிறேன். தாடி உன் தூதரின் வழி என்று வைத்தது. மூச்சு நீ கொடுத்தது. ஒன்றை விட்டால்தான் மற்றது என்கிறார்கள். எனக்கு இரண்டும் வேண்டும். என் மைமூனைத் தூங்கவை, ரப்பே." சின்னப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு கடைக்கு வந்தால், ஸ்டூலில் பிரபு உட்கார்ந்திருக்கிறார்.

"நான் கூப்பிடலியே. எதுக்கு வந்த?" என்றேன். பரணில் கிடப்பது போதாதென்று இன்னொன்றைத் தலையில் கட்ட வந்திருக்கிறான் என்றுதான் எண்ணினேன்.

அவர் சின்ன டப்பா ஒன்றைத் திறந்தார். முகத்தை மூடும் மாஸ்க்கே இல்லை அது. மூக்குத் துவாரங்களின் வாயில் பொருந்துகிற மாதிரி பஞ்சு போன்ற இரண்டு சின்னத் திண்டுகள். தலைக்கு மேல் ஒரு வார். அவ்வளவுதான்.

"யாராவது போட்டுக் கழட்டினதா?"

"உங்க எதிர்லதான பாய் கவரப் பிரிச்சேன்?"

"இது இருக்கும்போது ஏன் அத குடுத்த?"

"டெஸ்ட் எடுத்த அன்னிக்கு உங்களுக்கு சளி புடிச்சி மூக்கு அடைச்சிக்கினு இருந்துது. அதான் வாயும் சேர்ந்த மாஸ்க் குடுத்தேன். இது மூக்கால மூச்சு விட்றவங்களுக்குத்தான் சரிப்படும். அப்புறம் வேற இருக்கான்னு நீங்க கேக்கவே இல்லியே பாய். சண்டைதான போட்டீங்க?"

மாட்டிப் பார்த்தேன். தாடியை அது தொடவே இல்லை. என் மீசை ஒட்டக் கத்தரித்தது. அதனால் அங்கேயும் தடையில்லை. சரிப்படாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார். இவன் ஏன் இவ்வளவு நல்லவனாக இருக்கிறான் என்று அதற்கும் சந்தேகப்பட்டேன்.

வீட்டுக்குப் போனதும் விசாரணையை ஆரம்பித்தேன். "பிரபுவ யாரு வரச் சொன்னது?"

"நான்தான்" என்றாள் மைமூன். "தாடியோட போட்ற மாதிரி மாஸ்க் இருக்குதான்னு கேட்டேன். இருக்குது, எடுத்தாறேன்னாரு. அதுக்கு ஏன் இவ்ளோ பேஜாரு?"

"எப்ப கேட்ட?"

"காலையில. நாஷ்டா முடிஞ்ச கையோட."

அவள் செல்போனை வாங்கி, பிரபுவுக்குப் போன் போட்ட நேரத்தைப் பார்த்தேன். காலையேதான். நான் துஆ கேட்டதோ அஸருக்குப் பிறகு. அப்படியானால் இது என் துஆவுக்குக் கிடைத்த பதிலே இல்லையா? சகோதரர்களே, என் புத்தி அல்லாஹ்வின் உதவியையும் அங்கேயே பொட்டலம் பிரித்துப் பார்த்தது. பிறகுதான் உறைத்தது. நான் பாயில் நெற்றியை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தபோது பிரபு சென்னையிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தார். நான் கையேந்துவதற்கு முன்பே பதில் பொன்னேரியைத் தாண்டிவிட்டிருந்தது. கேட்டபின் கொடுக்கிறவனைத்தான் எனக்குத் தெரியும். கேட்பேன் என்று தெரிந்து அனுப்பி வைக்கிறவனை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

இரண்டு மூன்று நாள் பகலில் அதை மாட்டிக்கொண்டு பேப்பர் படித்துப் பழகினேன். பிறகு அதோடு படுத்தேன். விடியற்காலை சுபுஹு பாங்கு சொல்லும்போதுதான் விழிப்பு வந்தது. தலை பாரம் இல்லை. உடம்பு வலி இல்லை. திரும்பிப் பார்த்தால் மைமூன் அசைவே இல்லாமல் கிடக்கிறாள். எனக்குப் பகீரென்றது. மாஸ்க்கைக் கழற்றிவிட்டு அவள் மூக்கின் கீழ் விரலை வைத்துப் பார்த்தேன். சூடாக மூச்சு வந்தது. ஒரு வருடத் தூக்கத்தை அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்ல வாயெடுத்தவனுக்கு அழுகைதான் வந்தது.

நோன்பு பிறப்பதற்குள் அவளே முந்தானையிலிருந்து சாவியை அவிழ்த்துக் கையில் கொடுத்தாள். மகள் முன்சீட்டில் வந்து உட்கார்ந்தாள். காதரைத் தேடிப் போய் நானே முதலில் சலாம் சொன்னேன்.

எனக்குப் பொருந்தியதே உங்களுக்கும் பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு முகமும் ஒரு மாதிரி. மாட்டிப் பார்த்து வாங்குங்கள். உறுத்தினால் பரணில் போடாமல் வேறு இருக்கிறதா என்று கேளுங்கள். பக்கத்தில் படுப்பவரின் குறட்டை திடீரென்று நின்றால் அதைச் சந்தேகப்படுங்கள். ஆனால் கையேந்தும்போது மட்டும் சந்தேகத்தைச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டுப் போங்கள். அவன் ஏற்கெனவே அனுப்பியிருப்பான்.

என் புத்தி இன்னும் முழுதாக மாறவில்லை. இன்றைக்கும் சுபுஹுக்கு எழுந்ததும் மைமூனின் மூக்கருகே விரலைக் கொண்டுபோகிறேன். அவள் கண்ணைத் திறக்காமலேயே, "உசுரோடதான் இருக்கேன், போய்த் தொழுங்க" என்கிறாள்.