நாற்பத்து மூன்றாம் நம்பர் சைக்கிள்

எங்கள் ஊருக்கு ரயில் திரும்பி வந்த அன்று ஊரே ஸ்டேஷனில் நின்றது. மேளம், மாலை, ரயில் ஓட்டி வந்தவருக்குச் சால்வை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மிட்டாய் என்று ஒரு சின்னத் திருவிழாவே நடந்தது. நானும் லீவு போட்டுவிட்டு வந்து, கூட்டத்தில் தெரிந்த முகங்களைத் தேடிக்கொண்டிருந்தேன். தையல் அத்தை மட்டும் வரவில்லை. ஊரிலேயே அந்த ரயிலுக்காக அதிகம் காத்திருந்தவள் அவள்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவள் ஏன் வரவில்லை என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால், எனக்குப் பத்து வயதில் நடந்த ஒரு மீன் குழம்புக் கதையைச் சொல்லியிருப்பேன். நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

அறந்தாங்கிக்கும் காரைக்குடிக்கும் நடுவே எங்கள் ஊர். அந்தக் காலத்தில் ஓடியது மீட்டர்கேஜ் ரயில். சின்ன ரயில் என்போம். அதற்கு வேகத்தில் நம்பிக்கை கிடையாது. வயல் வரப்பில் யாராவது கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தால், கார்டு கொடியை அசைக்காமல் கொஞ்சம் பொறுப்பார். ஸ்டேஷன் வாசலில் அப்பா சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருந்தார். தகரத்தில் நம்பர் வெட்டிய டோக்கன்கள் ஜோடி ஜோடியாக இருக்கும். ஒன்று ஹேண்டில்பாரில் தொங்கும், மற்றது சைக்கிள்காரரின் சட்டைப் பையில் போகும். டோக்கன் இல்லாமல் வந்தால் சொந்தத் தம்பியே ஆனாலும் அப்பா சைக்கிளைத் தர மாட்டார். தந்ததும் இல்லை. என் சித்தப்பா ஒருமுறை டோக்கனைத் தொலைத்துவிட்டு நடந்தே வீடு போய்ச் சேர்ந்தார். அதற்கப்புறம் ஒரு வருஷம் இருவருக்கும் பேச்சு இல்லை. அடுத்த பொங்கலுக்கு அம்மா நடுவில் நின்றுதான் சமாதானம் செய்தாள்.

நான் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது, அகலப்பாதை போட வேண்டும் என்று ரயிலை நிறுத்தினார்கள். ஆறே மாதத்தில் பெரிய ரயில் வந்துவிடும் என்று ஊரில் பேச்சு. தண்டவாளத்தைப் பெயர்த்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆறு மாதம் வந்தது, போனது. ரயில் வரவில்லை. பாதை இருந்த மேட்டில் ஆடுகள் மேய்ந்தன, சில இடங்களில் கடலைக்கொடி காய்ந்தது. அப்பா ஸ்டாண்டை மெயின்ரோட்டு பஸ் ஸ்டாப்புக்கு மாற்றிக்கொண்டார். ஸ்டேஷனில் நின்ற சைக்கிள்களை எல்லாம் அவரவர் வந்து எடுத்துப் போனார்கள். நாற்பத்து மூன்றாம் நம்பருக்கு மட்டும் ஆள் வரவில்லை. அப்பா அதையும் தள்ளிக்கொண்டு வந்து புதுக் கொட்டகையின் கோடியில் நிறுத்தினார்.

அது தையல் அத்தையின் வீட்டுக்காரர், மாமாவின் சைக்கிள். அத்தை எங்கள் பக்கத்துத் தெரு. சொந்தம் இல்லை, அப்பாவை அண்ணே என்று கூப்பிடுவதால் எனக்கு அத்தை. சின்ன ரயில் ஓடிய கடைசி வாரத்தில் மாமா காலை வண்டிக்குச் சைக்கிளைப் போட்டுவிட்டு, சாயங்கால வண்டிக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிக் காரைக்குடி போயிருக்கிறார். சாயங்கால வண்டி வந்தது, அவர் வரவில்லை. அந்த வாரத்தோடு வண்டியும் நின்றுவிட்டது. திருப்பூரில் பார்த்தேன் என்றார் ஒருவர். சிங்கப்பூர் என்றார் இன்னொருவர். அம்மாவிடம் யாரோ மூன்றாவதாக ஒரு சேதி சொன்னார்கள். நான் உள்ளே வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அத்தை ஸ்டாண்டுக்கு வருவாள். வெட்டுத் துணியால் சைக்கிளைத் துடைத்து, செயினுக்குத் தையல் மெஷின் எண்ணெய் விட்டு, காற்றடித்து வைப்பாள். "நீயே எடுத்துட்டுப் போத்தா" என்று அப்பா, தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறை, டோக்கன் இல்லாமல் சைக்கிளைத் தரத் துணிந்தார். அத்தை வாங்கவில்லை.

"டோக்கன் அவுககிட்டல்ல இருக்கு. ரயில் விட்டா வந்துருவாக அண்ணே."

எனக்கு இதில் ஒரு சந்தேகம் இருந்தது. எங்கள் கொட்டகைக்கு முன்னாலேயே காரைக்குடி பஸ் அரைமணிக்கு ஒன்று நின்று போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டேவிட்டேன்.

"ஏன் அத்தை, மாமா பஸ்ல வரலாம்ல?"

அப்பா என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தார். அதுவரை அவர் என்னைத் தொட்டு அடித்ததே கிடையாது. அத்தை காற்றடிப்பதை நிறுத்தவில்லை. நியாயமான கேள்விக்குக் குட்டா என்று எனக்குத் தாங்க முடியாத கோபம். அன்றைக்கு முழுக்க அப்பாவோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

அதற்குச் சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா சாமான் வாங்க அறந்தாங்கி போனார். அம்மா வயலுக்குப் போயிருந்தாள். ஸ்டாண்டுக்குக் காவல் நான். சைக்கிள் பழக வேண்டும் என்ற ஆசை எனக்கு அந்த வருஷம் முற்றிப்போய் இருந்தது. மற்ற சைக்கிள்களுக்குச் சொந்தக்காரர்கள் எப்போது வேண்டுமானாலும் வருவார்கள். வராத சொந்தக்காரர் ஒருவர்தானே. நாற்பத்து மூன்றைத் தள்ளிக்கொண்டு ரயில் மேட்டில் ஏறிவிட்டேன்.

சைக்கிள் பழக அதைவிட நல்ல இடம் ஜில்லாவிலேயே கிடையாது. லாரி இல்லை, வளைவு இல்லை, பார்த்துச் சிரிக்க ஆள் இல்லை. பாருக்கு அடியில் காலை விட்டு அரைப்பெடல் போட்டுக்கொண்டு, விழுந்து எழுந்து, மூடிக்கிடந்த பழைய ஸ்டேஷன் வரைக்கும் போனேன். அங்கே தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற சல்லிக்கல்லைப் புதிதாகக் கொட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டியதில் அந்தச் சல்லியிலேயே விழுந்தேன். முழங்கால் சிராய்த்து, பாவாடை கிழிந்தது. சைக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை. உச்சி வெயிலில் திரும்பி வந்து, புழுதியைத் துடைத்து, இருந்த இடத்தில் நிறுத்தினேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன்.

இதற்கு நடுவில் அத்தை வந்துவிட்டுப் போயிருக்கிறாள். கோடியில் சைக்கிள் இல்லை. கேட்க ஆளும் இல்லை. டோக்கன் இல்லாமல் அண்ணன் தர மாட்டார், டோக்கன் இருப்பதோ மாமாவிடம். அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது?

மூன்று மணி இருக்கும். அப்பா திரும்பி வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அத்தை வேகமாக வந்தாள். தலைக்குக் குளித்து, அரக்குக் கலர் சேலை கட்டி, பூ வைத்திருந்தாள். அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"அண்ணே, எந்நேரம் வந்தாக? நேரா வீட்டுக்கு வருவாகன்னு சோறாக்கி வச்சுட்டு இவ்வளவு நேரம் வாசலயே பாத்துக்கிட்டு இருந்தேன். எங்கிட்டுப் போயிருக்..."

அதற்குள் கோடியைப் பார்த்துவிட்டாள். சைக்கிள் நின்றது.

அப்பா அவளைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் கிழிந்த பாவாடையை முழங்காலுக்குக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நான்தான் அத்தை எடுத்தேன்" என்று அழ ஆரம்பித்தேன். மனச்சாட்சி எல்லாம் இல்லை, அப்பாவின் கை எந்தப் பக்கம் வரும் என்ற பயம்தான்.

கை வரவில்லை. அத்தை மெல்ல வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். பாவாடையை ஒதுக்கி, முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணை முந்தானையால் துடைத்தாள்.

"நல்லா ஓடுச்சா?"

தலையாட்டினேன்.

"செயின் கழண்டுக்கலயே?"

"இல்ல அத்தை."

"ம்... எண்ணெ விட்டதுல்ல" என்றாள். முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போனாள். அப்பா அவளோடு தெருமுனை வரை போய் வந்தார். வந்தும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. கேள்வி கேட்டதற்குக் குட்டு, சைக்கிளைத் திருடியதற்கு ஒன்றும் இல்லை. பெரியவர்களின் நியாயம் எனக்குப் பிடிபடவில்லை.

சாயங்காலம் அத்தை வீட்டிலிருந்து ஒரு தூக்குவாளி நிறைய மீன் குழம்பு வந்தது. ஜெகதாப்பட்டினத்து வஞ்சிரம், எங்கள் தெருவில் கல்யாண வீட்டுக்காரர்கள் மட்டும் வாங்குகிற மீன். அன்றைக்கு என் அதிர்ஷ்டத்தை என்னாலேயே நம்ப முடியவில்லை. அடியும் இல்லை, வஞ்சிரமும் கிடைத்தது. நான்கு துண்டு தின்றேன். மீன் என்றால் உயிரை விடும் அம்மா, ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்தாள். என் பங்கு கூடியதால் நான் அதை விசாரிக்கவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும், தூக்குவாளியை வெறுமனே தரக்கூடாது என்று அம்மா ஒரு கை சீனி போட்டு, கிழிந்த பாவாடையையும் தந்து அனுப்பினாள். அத்தை மெஷினில் இருந்தாள். கொடியில் மாமாவின் வெள்ளைச் சட்டை ஒன்று மடிப்புக் கலையாமல் தொங்கியது. கிணற்றடிக் கல்லில் பிரிக்காத புதுச் சோப்பு ஒன்று இருந்தது. அவள் பாவாடையை வாங்கித் தைக்க ஆரம்பித்தாள்.

எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது. வஞ்சிரத்துக்குப் பதிலாக ஏதாவது செய்ய வேண்டும் போல இருந்தது. அப்போதுதான் பழைய ஸ்டேஷனில் பார்த்தது ஞாபகம் வந்தது.

"அத்தை, ஸ்டேஷன்ல புதுச் சல்லி கொட்டிட்டாங்க! நானே பாத்தேன். சீக்கிரம் ரயில் விட்டுருவாங்க."

மெஷின் நின்றது. அத்தை ஊசிக்கு அடியில் இருந்த துணியையே பார்த்தாள்.

"மெதுவா விடட்டும்டி" என்றாள். "இப்ப என்ன அவசரம்?"

மறுபடியும் மிதிக்கத் தொடங்கினாள். ஊரில் அத்தனை பேரும் ரயில் இன்னும் வரவில்லையே என்று திட்டிக்கொண்டிருந்த காலம் அது. ரயிலுக்காகவே காத்திருக்கிற அத்தை இப்படிச் சொல்வாளா? மெஷின் சத்தத்தில் நான் சொன்னது அவள் காதில் சரியாக விழவில்லை என்று முடிவு செய்தேன். கிட்டே போய் நின்று, குரலை நன்றாக உயர்த்தி, அந்த நல்ல சேதியை இன்னொரு முறை சொன்னேன்.