எல்லோருக்கும் பெரியம்மா

அந்த விடுதி முன்பு பிஸ்கட் கிடங்காக இருந்தது. வீட்டைவிட்டு ஓடிவந்தவர்கள், போலீஸ் கொண்டுவந்து விட்டவர்கள் என்று பெண்பிள்ளைகளை அதில் தங்கவைக்கத் தொடங்கியபோது அறைகளுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம்தான் இருந்தது. அதைக் கழற்றி உள்பக்கம் மாட்டவைத்தவள் வார்டன். "மேடம்" என்று கூப்பிடுவதையும் அவளே ஒழித்தாள். பிள்ளைகளுக்கு அவள் பெரியம்மா; அதுதான் விடுதியின் முதல் விதி. விடுதி வளர்ந்த கதையைச் சொல்கிறவர்கள் இந்த இரண்டையும் விடுவதில்லை. அவளும் கொஞ்சம் தலைநிமிர்ந்தே கேட்டுக்கொண்டிருப்பாள்.

அன்று வெளியிலிருந்து பெரிய மனிதர்கள் வந்திருந்தார்கள். பிள்ளை வளர்ப்பை வார்டனிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும், அவள் குடும்பத்தில் ஒரு பிள்ளைகூட வழிதவறியதில்லை என்று விடுதித் தலைவர் அளந்துகொண்டிருந்தபோது போலீஸ் ஜீப் வந்து நின்றது. இறங்கியவள் வார்டனின் தங்கை மகள்.

முகம் வீங்கியிருந்தது. ஒரு காலில் செருப்பில்லை. பெரியம்மாவைக் கண்டதும் அழுகையும் சிரிப்புமாக ஓரடி முன்னால் வந்தாள்.

"தெரிஞ்ச பொண்ணாம்மா?" என்றார் போலீஸ்காரர்.

"இல்லையே" என்றாள் வார்டன்.

யோசித்துச் சொல்லவில்லை. யோசித்துச் சொன்ன பொய்யாக இருந்தால் ஏதாவது சமாதானம் தேடிக்கொள்ளலாம். இது தானாக வாயில் வந்தது.

பெண் முன்வைத்த காலைப் பின்னால் எடுத்துக்கொண்டாள். பிறகு, "நான் எங்க உட்காரணும் மேடம்?" என்று கேட்டாள்.

சாப்பாட்டுக் கூடத்தில், வாயாடி என்று பெயரெடுத்தவள் புதியவளைத் திருத்தப் பார்த்தாள். "இங்க மேடம் கீடம்லாம் கிடையாது. பெரியம்மான்னு கூப்பிடு. காசா பணமா?"

"உங்களுக்குப் பெரியம்மா. எனக்கு மேடம்."

வார்டன் கரண்டியைக் கீழே வைத்தாள். "இவ என் கூடப்பிறந்த தங்கச்சி பொண்ணு. நான்தான் இல்லன்னுட்டேன்."

"அப்ப நாங்கல்லாம் உங்களுக்கு யாரு பெரியம்மா?" என்றாள் வாயாடி. அதில் கேலி இல்லை. தெரியாமல்தான் கேட்டாள். வார்டன் தலையைக் குனிந்துகொண்டாள்.

வந்த அன்றே வீட்டுக்குத் தகவல் சொல்வது வார்டன் பொறுப்பு. இந்த எண்ணை யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. "சொல்லுக்கா" என்றது தங்கையின் குரல். அக்காவிடம்கூடச் சொல்லாமல் மகளைத் தேடி அலைந்ததில் அது கம்மிப்போயிருந்தது. வார்டன் போனைப் பெண்ணிடம் நீட்டினாள்.

"நான்தாம்மா" என்றாள் பெண். "நல்லாத்தான் இருக்கேன். மேடம் போன்லேர்ந்து பேசுறேன்."