மேரி கேட்ட அவரை விதை

இன்னைக்குக் காலையில காம்பார் பாசார்ல மேரியைப் பார்த்தேன். பீடோர் பக்கம் எஸ்டேட் லயத்துல அப்போ என் அடுத்த வீட்டுக்காரியா இருந்தவ. நாப்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரு பிடி ஊதா அவரை விதை கேட்டேன். "விதை கொடுத்தா என் கொடி காய்க்காதுலா"ன்னு சொன்னவ. நான் மறக்கல.

இன்னைக்கு என் கூடையில இருந்த அவரையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"எங்க வீட்டு அவரை மாதிரியே இருக்கேக்கா. என் கொடி வெள்ளத்துல போச்சு. பீடோர் முழுக்கக் கேட்டுட்டேன், யார்கிட்டயும் விதை இல்ல."

மாதிரி என்ன, அதேதான். அன்னைக்கு அவ ரப்பர் தோட்டத்துக்குப் பால்மரம் வெட்டப் போன நேரத்துல, வேலியில காஞ்சு தொங்கின ரெண்டு நெத்தை நான்தான் பறிச்சேன். காம்பாருக்கு வந்த பிறகு கேட்டவங்களுக்கெல்லாம் கொடுத்திருக்கேன். என் கொடி ஒரு வருஷமும் காய்க்காம இருந்ததில்ல.

கூடையில இருந்த விதைப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன்.

"இந்த விதையை உனக்கு யாரு கொடுத்தா அக்கா?"

"பக்கத்து வீட்டுல ஒருத்தி."

"மகராசி. கர்த்தர் அவளை ஆசீர்வதிக்கணும்"னு சிலுவை போட்டுக்கிட்டா.

நானும் ஆமென் சொல்லிட்டேன். உண்மையைச் சொல்லிடவா, இல்ல ஆசீர்வாதத்தோட விட்டுடவா? நீங்களே சொல்லுங்க.