மாமனார் வீட்டுக்கு மேலே ஒரு பறத்தல்

என் தம்பிக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் ஊர் மருமகன். சுசீந்திரத்தில் பெண்ணெடுத்த பிறகு, ஆகாயத்தையும் சீதனமாகக் கொடுத்துவிட்டதுபோல நெஞ்சை நிமிர்த்தித்தான் தெருவில் நடப்பார். பயிற்சி திருவனந்தபுரத்தில். இரண்டு பேர் மட்டும் உட்காரும் சின்ன விமானம்.

அன்று வயலில் அறுப்புக்காரர்களுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன். அவரும் தம்பியும் இருந்த விமானம் தாழ வந்து அவருடைய மாமனார் வீட்டைச் சுற்றியது. மாடியில் நின்று மனைவியும் கொழுந்திகளும் கைவீசினார்கள். அந்தக் கைவீச்சு அவருக்குப் போதவில்லை. மறுபடி வந்தது, இன்னும் தாழ. அந்த வீட்டைத் தாண்டி மேலே எழும்பும்போது சக்கரம் தென்னை மண்டையில் இடித்தது. விமானம் எங்கள் வயலிலேயே குப்புற விழுந்தது.

அறுப்புக்காரர்கள் ஓடிப்போய் இருவரையும் இழுத்துப் போட்டார்கள். அவருக்கு நெற்றியில் ஒரு கீறல். தம்பிக்கு வலது கால் நொறுங்கியிருந்தது. சேற்றில் கிடந்து அவன் அலற, அவர் எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "இவன் பயந்து விமானம் ஓட்டுற கம்பியைப் பிடிச்சு இழுத்துட்டான்" என்றார், கூட்டத்தைப் பார்த்து.

நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் தம்பிக்கு நினைவு தெளிந்ததும் கேட்டேன்.

"நான் தொடவே இல்லக்கா. தென்னை நிக்கு சார்னு சொன்னேன். பேடிச்சா வீட்டுல இருலேன்னாரு."

விசாரணைக்கு இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். பூட்ஸில் சேறு படும் என்று வரப்பைவிட்டு இறங்கவில்லை. வீட்டைச் சுற்றியதை நான் சொன்னேன்.

"உனக்கு விமானம் ஓட்டத் தெரியுமா?" என்றார் ஒருவர்.

"தெரியாது. ஆனா கண்ணு தெரியும்."

இருவரும் சிரித்தார்கள். பிறகு அதே மாமனார் வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டார்கள். பால்பாயசம்வரை எல்லாம் நடந்ததாகப் பரிமாறியவளே என்னிடம் சொன்னாள். பயிற்சி மாணவனின் பதற்றமே விபத்துக்குக் காரணம் என்று தீர்ப்பு வந்தது. பாயசத்துக்கு மரியாதை செய்துவிட்டார்கள்.

மார்கழித் தேரோட்டத்துக்கு அந்த ஆள் பதவி உயர்வோடு வந்தார். கோல் ஊன்றி நின்ற தம்பியைக் கூப்பிட்டு, தோளில் கைவைத்து, "கிளார்க் வேலைக்குச் சொல்லிவிடட்டுமா? ஆபீஸ் வேலை நானே பழக்கித் தருவேன்" என்றார்.

தம்பி அந்தக் கையை எடுத்து விட்டான்.

"வேண்டாம் சார். உம்மகிட்ட படிச்சது போதும்."

சுற்றி நின்றவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவர் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.