இரண்டு இருபத்தாறுக்கு விழுந்த வேகம்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். யாரும் உங்கள் காலில் விழப்போவதில்லை. இது நடந்தது. பட்டப்பகலில், ஒரு ஸ்கேன் நிலையத்தில், பேய் என்றாலே காறித் துப்புகிற ஒருவனுக்கு.

நெட்வொர்க் கோளாறு பார்ப்பது அவன் தொழில். தன்னைத் தவிர உலகத்தில் அத்தனை பேரும் மண்ணாந்தைகள் என்பது அவன் முடிவு. கூட வேலை செய்பவர்கள் ‘மேதாவி’ என்று கிண்டல் செய்வார்கள். அதையும் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டான்.

அன்று ஸ்கேன் எடுக்கும் பெண் அவனைக் கூப்பிட்டிருந்தாள். அவளுடைய சொந்தத் தம்பிக்குத் தலையில் கட்டி; நான்கு மணிக்கு ஆபரேஷன். ஸ்கேன் படங்கள், அவளிடம் இருந்த பழைய முகவரிப்படி, வெளியூர்ப் பெரிய மருத்துவமனையின் பதிவறைக் கணினி வழியாக டாக்டருக்குப் போக வேண்டும். லைன் நல்ல வேகம்தான். படங்களோ நத்தையாக ஊர்ந்தன. இப்படியே போனால் ஐந்தேகால் ஆகும்.

மேதாவி இங்கிருந்தபடியே அந்தக் கணினிக்குள் நுழைந்தான். ஒரு தடவைக்கு வாங்கும் அளவைக் கணினி தானே கூட்டிக்கொள்ளும் டிசிபி என்ற நெட்வொர்க் அமைப்பை யாரோ அணைத்து வைத்திருந்தார்கள். குடம் பிடிக்க வேண்டிய இடத்தில் கரண்டி. எந்தக் கழுதை செய்த வேலையோ என்று சிரித்துக்கொண்டே மாற்றினான். படங்கள் பறந்தன.

2.26. வேகம் விழுந்தது.

அமைப்பு பழையபடி அணைந்திருந்தது. மாற்றினான். 2.29... மறுபடியும். மூன்றாம் முறை அவன் கண்ணெதிரிலேயே, திரையில் அணைக்கும் கட்டளை எழுத்தெழுத்தாக வந்து விழுந்தது. அங்கே எவனோ உட்கார்ந்து தட்டுகிறான்.

அவளிடம் பதிவறை எண்ணை வாங்கி அழைத்தான். முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

“யாருய்யா அது? அறிவில்ல? கீபோர்டுலேர்ந்து கையை எடு.”

“மெதுவா அனுப்புங்க.” வயதான குரல். “பாத்துக்கிட்டு இருக்கேன்.”

“பாக்க நீ என்ன டாக்டரா?”

அந்தக் குரலுக்கு நடுவில் மூச்சுச் சத்தமே இல்லை.

“இருநூத்திப் பதினாலாவது படம். இடது பக்கம். இன்னொண்ணு இருக்கு.”

லைன் செத்தது.

கிழட்டு உளறல் என்றான் மேதாவி. அக்காக்காரிக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் படத்தைத் திறந்தாள். பெரிதாக்கினாள்.

கடுகளவு கறை. யாரும் பார்க்காத இரண்டாவது கட்டி.

டாக்டரை அழைத்தாள். ஆபரேஷனை மறுநாளைக்குத் தள்ளிவைத்தார்கள்.

அதற்குப் பிறகு மேதாவி அமைப்பைத் தொடவில்லை. கேட்டால், அவசரம் இல்லை என்பான். நாற்காலியைக் கீபோர்டிலிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டதைச் சொல்ல மாட்டான்.

5.17. கடைசிப் படம் டாக்டர் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

தம்பி பிழைத்தான். மேதாவிக்குத்தான் பொறுக்கவில்லை, பதிவறை ஆளின் மேல் நான்கு பக்கத்துக்குப் புகார் எழுதினான். மூன்றாம் நாள் மருத்துவமனையிலிருந்து பதில் வந்தது.

பதிவறையைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் இறந்ததும் அதை மூடி எட்டு மாதம் ஆகிறது. அந்தத் தொலைபேசி மூடிய அன்றைக்கே துண்டிக்கப்பட்டது. கணினி பூட்டிய கிடங்கில் கிடக்கிறது.

அதில் ஹார்ட் டிஸ்க் இல்லை.