நைனாவின் உடம்பு

தங்கச் சுரங்கக் கூலிகள் குடியிருந்த எங்கள் லைனில் என் தகப்பனாரைப் போல் பருத்த ஆள் வேறு யாரும் இல்லை. நாங்கள் அவரை நைனா என்று அழைப்போம். சுரங்கத்துக்குள் இறங்கும் கூலிகள் எல்லோரும் விலா எலும்பு தெரிய இருக்கும்போது, இவருக்கு மட்டும் தொந்தியும் கழுத்து மடிப்பும் எப்படி வந்தன என்று யாருக்கும் தெரியாது. எல்லோரும் உண்ட அதே ராகிக் களியைத்தான் அவரும் உண்டார். உடம்பு வாகு, அவ்வளவுதான்.

லைனில் ஒருவரும் அந்த உடம்பைக் கேலி செய்ததில்லை. அங்கிருந்த பெரியவர்கள் அத்தனை பேரும் தாது வருஷப் பஞ்சத்தில் வட ஆர்க்காட்டில் தப்பிப் பிழைத்தவர்கள். கஞ்சித் தொட்டிக்குப் போகிற வழியிலேயே தம்பிகள் இரண்டு பேரைப் பறிகொடுத்தவர் நைனா. சதை என்றால் அவர்களுக்கு உயிர் என்று அர்த்தம். பிள்ளை பிறந்து தீட்டுக் கழிந்ததும், அதைக் கொண்டுவந்து நைனாவின் வயிற்றின்மேல் சற்று நேரம் கிடத்திவிட்டுத் தூக்கிப் போவார்கள். பாலகாட் சுரங்கத்து லைனிலிருந்துகூட வருவார்கள்.

"அண்ணாத்தே, உன் உடம்பு கொஞ்சம் என் புள்ளைக்கு ஒட்டட்டும்" என்பாள் பெற்றவள்.

"ஒட்டட்டும், ஒட்டட்டும். மேல மூத்திரம் வுடாம பாத்துக்கோ" என்பார் நைனா.

சுரங்க வாசலில்தான் அந்த உடம்புக்கு மதிப்பில்லை. ஷிப்டு முடிந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே வருகிறவர்களைக் கோவணத்தோடு நிறுத்தி, தங்கக் கல் ஏதும் ஒளித்திருக்கிறார்களா என்று சோதிப்பார்கள். மற்றவர்களுக்கு வாயைத் திற, குடுமியை அவிழ் என்பதோடு சரி. நைனாவுக்கு மட்டும் ஒவ்வொரு மடிப்பாகத் தூக்கிப் பார்ப்பார்கள்.

"இன்னாடா, உள்ள இன்னொரு சுரங்கம் வச்சிகீறியா?" என்று கேட்பான் காவல்காரன்.

"தோண்டிப் பாரு சாமி, களிதான் கெடைக்கும்" என்று நைனாவும் சேர்ந்து சிரிப்பார்.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துத் தேறி, டைம் ஆபீசில் கூலிகளின் வருகையைப் பதிவு செய்யும் வேலைக்கு வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். ஆபீஸ் ஜன்னலில் நின்றால் சோதனை நடக்கும் இடம் நேராகத் தெரியும். ஷிப்டு முடிகிற நேரத்தில் மற்றக் குமாஸ்தாக்கள் பேனாவை வைத்துவிட்டு ஜன்னலுக்கு வந்துவிடுவார்கள். "யானை வந்துட்டுது, வாங்க" என்பார் ஒருவர். அந்த யானை என் தகப்பனார் என்று அவர்களுக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருப்பேன்.

பள்ளியில் எனக்குச் சுகாதாரப் பாடப் புத்தகம் ஒன்று இருந்தது. மிதமிஞ்சிய கொழுப்பு இருதயத்தை நெருக்கும், பருத்தவர்கள் இராப்போஜனத்தைக் குறைக்க வேண்டும் என்று அந்தப் புத்தகத்தில் போட்டிருந்தது. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக எழுதியதா, பாறையில் சம்மட்டி அடிப்பவர்களுக்கும் சேர்த்து எழுதியதா என்று நான் யோசிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை நைனாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"இது வியாதியா?" என்று வயிற்றைத் தொட்டுக்கொண்டு கேட்டார்.

"வியாதி வர்றதுக்கு வழி நைனா."

"எனுக்கு ஒண்ணும் பண்ணலியேடா. ஏணி ஏறுறேன், சம்மட்டி அடிக்கிறேன்."

"புக்குல போட்டிருக்கு."

அம்மா அடுப்பருகிலிருந்து, "அந்தப் புக்கு எழுதனவன் களி துன்னவனா, கேளு" என்றாள்.

நைனா என் பக்கம் திரும்பினார். "உங்க ஆபீஸ் ஜன்னல்ல இருந்து எங்கள நிறுத்துற எடம் தெரியுது இல்ல?" என்றார். நான் புத்தகத்தை மூடினேன். "செரி. படிச்சவன் சொல்ற. கொறச்சிக்கலாம்."

அன்றிலிருந்து இராத்திரிக் களியை விட்டார். பிறகு காலையிலும் பாதியில் எழுந்துவிடுவார். நான் சொன்னதற்கு மேலேயே செய்தார். எட்டு மாதத்தில் தொந்தி வற்றி, தோல் மட்டும் காலிக் கோணியைப் போலத் தொங்கியது. ஜன்னலில் சிரிப்பு நின்றது. எனக்கு அது பெரிய வெற்றியாகத் தெரிந்தது. அதை இப்போது மறைத்து எழுத விரும்பவில்லை.

லைனில் அதை வேறுவிதமாகப் பார்த்தார்கள். சுரங்கத்து ஆள் இளைத்தால் அங்கே அதற்கு ஒரே காரணம்தான்: கல்தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது. முதலில் இளைப்பார்கள், அப்புறம் இருமுவார்கள், அப்புறம் இரத்தம் துப்புவார்கள். எத்தனையோ பேரை அப்படிப் பார்த்தாயிற்று. பக்கத்தில் இருப்பவர்களுக்கும் அது ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தார்கள். பிள்ளைகளை எடுத்து வருவது நின்றது. தண்ணீர்த் தொட்டியருகே அம்மா குடத்தை வைத்தால், மற்றப் பெண்கள் தங்கள் குடத்தை நகர்த்தி வைத்தார்கள். கேஜில் அவ்வளவு நெரிசலிலும் நைனாவைச் சுற்றி இடம் விட்டு நின்றார்கள். பாறையில் துளை போட ஒருவர் உளி பிடிக்க வேண்டும், ஒருவர் அடிக்க வேண்டும். நைனாவுக்கு ஆறு வருஷம் உளி பிடித்த ஆள் மேஸ்திரியிடம் போய், "அவரு மூச்சு பட்ற எடத்துல நான் நிக்க மாட்டேங்க. எனுக்கும் புள்ளகுட்டி கீது" என்று சொல்லிவிட்டான்.

மறுநாள் காலை, ஷிப்டுக்கு ஆட்களை நிறுத்தும்போது, மேஸ்திரி நைனாவை வரிசையிலிருந்து வெளியே கூப்பிட்டார். பேர் எழுத நான் அவர் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"நெசத்த சொல்லு மாமா. நெஞ்சுல வியாதியா, இல்ல வூட்ல சோறு இல்லியா? வியாதின்னா உன்ன எறக்க முடியாது. பசின்னா சொல்லு, நாலு நாளு துன்னுட்டு வா. உன் எடம் உனுக்குத்தான்."

வரிசை முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் முன்னால் வந்தேன். "வியாதி இல்லீங்க. நான்தான் சாப்பாட்டைக் கொறைக்கச் சொன்னேன்" என்றேன்.

யாரோ சிரித்தார். "சம்பளம் வாங்குற புள்ள பெத்தவனப் பட்டினி போடுவானா?"

"போட்டா, அவன் இன்னா புள்ள?" என்றது இன்னொரு குரல். அதில் சிரிப்பில்லை.

பஞ்சம் பார்த்தவர்கள் அவர்கள். வீட்டில் தானியம் இருந்தும் பெற்றவனுக்குப் போடாத மகனைவிடக் கேவலமான பிறவி அவர்களுக்கு இல்லை. அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது.

நைனா எனக்கு முன்னால் வந்து மறைத்தாற்போல் நின்றார். "அவன் என்னைக் காப்பாத்தப் பொய் சொல்றான். மூணு வேளையும் போடறான் என் புள்ள. நெஞ்சுதான். ரெண்டு மாசமா ரத்தம் வருது" என்றார்.

அவர் வாயில் நான் இரத்தம் கண்டதே இல்லை.

"மறைச்சிட்டியே மாமா" என்று மேஸ்திரி ஓரடி பின்னால் நகர்ந்தார். என்னிடம், "பேர அடிச்சிடுப்பா" என்றார்.

நான் மறுபடி வாய் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. நைனா சொன்ன பொய் எனக்குத் தேவையாக இருந்தது. பேரை அடித்தேன்.

அன்று மாலை நான் வீடு திரும்பியபோது, அம்மா களியை இரண்டு பெரிய உருண்டையாக உருட்டி நைனாவின் முன்னால் வைத்திருந்தாள். "இனிமே யாருக்காகக் கொறைக்கணும்? துன்னு" என்றாள். நைனா கையை நனைத்துக்கொண்டு நான்கு வாய் உண்டார். எட்டு மாதத்தில் சுருங்கிப்போன வயிறு ஐந்தாவதை ஏற்கவில்லை. விழுங்கப் பார்த்தார், கண்ணில் நீர் முட்டியது. தட்டை என் பக்கம் தள்ளினார்.

"நீ துன்னுடா" என்றார். "காலீல ஆபீஸ் கீது."